சுரங்கம் திறந்த பிறகு

அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை.
கடைசிப் படகில் ஒன்பது கார், ஒரு மீன் லாரி,
சக்கரநாற்காலியில் ஹல்வார்ட்,
எதற்கென்று தெரியாமல் கைதட்டிய ஒரு குழந்தை.
கயிற்றைச் சுருட்டி வைத்தேன்.
அவ்வளவுதான்.

இப்போது ஃபியோர்டுக்கு அடியில் சாலை போகிறது.
ஏழு நிமிடம், நனையாமல்.
நல்லதுதான். பிரசவ வலியோடு
புயல் ஓயக் காத்திருந்த பெண்களை
நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு
விழிப்பு வந்துவிடுகிறது.
கரையில் கட்டிப்போட்ட கப்பலில்
எஞ்சின் மட்டும் ஓடுவதைப்போல் நெஞ்சு.
உள்ளங்கை வேர்க்கிறது.
ஜன்னலைத் திறந்தால் நார்வேயின் குளிர் முழுதும்
என் அறைக்கே வருகிறது.
வேலைவாய்ப்பு அலுவலகத்தின் படிவத்தை
இருட்டிலேயே மனப்பாடமாகப் படிக்கிறேன்.
பெயர்: டோர்போர்க். வயது: ஐம்பத்தெட்டு.
வேறு தகுதிகள்:
அதற்குப் பிறகு ஒரு நீளமான கோடு.

கோவிலுக்குப் போய் நெடுநாளாயிற்று.
போதகர் ஸிக்னி தொலைபேசியில் கூப்பிட்டதும்
ஜெபத்துக்கு அல்ல, முடிச்சுக்கு.
"கூரையில் தொங்குகிற கப்பலின் கயிறு நைந்துவிட்டது.
யார் தலையிலாவது விழுவதற்குள் வந்துவிடு."

ஏணியில் ஏறினேன். அவள் கீழே பிடித்துக்கொண்டாள்.

என்றோ நடுக்கடலில் உயிர் பிழைத்த ஒருவன்
நேர்ந்துகொண்டு செய்து தந்த கப்பல்.
மூன்று பாய்மரம், தீக்குச்சிப் பருமனில் பீரங்கிகள்.
தண்ணீரைத் தொட்டதே இல்லை.
இருநூறு ஆண்டுகளாகப் பலிபீடம் நோக்கிப் புறப்பட்டு
ஒரு முழம்கூட நகரவில்லை.
ஹீட்டரின் வெப்பம் மேலே வரும்போது மட்டும்
மெல்லத் திரும்பிப் பார்க்கிறது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல.

சுக்கானுக்கு அருகே ஒரு செத்த ஈ.
தூசியைத் துடைத்தேன், ஈயை விட்டுவிட்டேன்.
இந்த ஊரில்
இன்னும் வேலையில் இருக்கும் ஒரே கேப்டன்.

சிரித்துவிட்டேன். ஏணி ஆடியது.
பழைய கயிற்றை அவிழ்த்தாயிற்று,
புதியதை இன்னும் கட்டவில்லை,
கப்பலின் பாரம் முழுக்க என் தோளில்.
அப்போது வந்தது அது,
மூன்று மணியின் நடுக்கம், பட்டப்பகலில்.

ஜெபம் வரவில்லை.
பரமண்டல ஜெபத்தில் பாதி வழியிலேயே
எனக்கு எப்போதும் தடம் தப்பும்.
வாயில் வந்தது இதுதான்:

முன்கதவு மூடியாயிற்று.
பின்கதவு மூடியாயிற்று.
கயிறு கழற்றியாயிற்று.
காற்று தென்மேற்கு.
எதிரே ஒன்றுமில்லை.

நாளைக்கு இருபத்திரண்டு முறை,
இருபத்தாறு ஆண்டுகள் சொன்ன சொற்கள்.
யாரிடம் சொல்கிறோம் என்று
ஒருமுறைகூட யோசித்ததில்லை.
அன்று கூரைக்கருகே யாரோ கேட்பதுபோல் இருந்தது.
ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
கேட்டார், அவ்வளவே.
என் விரல்கள் தாமாக முடிச்சைப் போட்டு முடித்தன.

அக்கரைக்கு இக்கரை பச்சையாம்.
இரண்டையும் தினம் பார்த்தவள் நான்.
இரண்டிலும் அதே பிர்ச் மரம், அதே பெட்ரோல் பங்க்.
நான் குடியிருந்தது
நடுவிலுள்ள பதினெட்டு நிமிடத்தில்,
எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத தண்ணீரின் மேல்,
ஆறிப்போன காபியோடு.
நடு எனக்குப் புதிதல்ல.
இந்த நடுவுக்குத்தான்
நேர அட்டவணை ஒட்டியிருக்கவில்லை.

நேற்றும் மூன்று மணிக்கு விழித்தேன்.
படுக்கையில் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னேன்.
கடைசி வரியில் தொண்டை அடைத்தது.
எதிரே ஒன்றுமில்லை.
இத்தனை இரவுகளாக என்னை எழுப்புவது
இந்த வாக்கியம்தானே.

ஆனால் கப்பலில் அதற்குப் பொருள்
போகலாம் என்பது.

எழுந்து காபி போட்டேன்.
மணி மூன்று இருபது.
ஹல்வார்ட் வீட்டிலும் விளக்கு எரிந்தது.