கோணல் சால்

விதைக்க வேண்டாம் என்று கடிதம் வந்திருந்தது.
உழ வேண்டாம் என்று அதில் இல்லையே என்றான்
மரினுஸ்.

நவம்பர்.
ஸ்கெல்ட் ஆறு கடலில் கரையும் இடத்தில்
மழை எப்போதும் பக்கவாட்டில்தான் பெய்யும்.
இருபத்திரண்டு ஹெக்டேர்.
முதல் நாள் பள்ளிக்கு அனுப்பும் பிள்ளையைப் போல
வகிடெடுத்து வாரிவிட்டான்,
கடலுக்கென்று எழுதிக் கொடுத்த நிலத்தை.

அவன் சால் கோணாது.
உழவுப் போட்டிகளில் வாங்கிய மூன்று கோப்பைகள்
எங்கள் குளியலறைச் சன்னலில்
பல் துலக்கும் பிரஷ்களோடு நிற்கின்றன.
அன்று ஒன்று கோணியது.
நடு வயலில், கிழக்கே போகும் போக்கில்,
லேசாக வயிறு தள்ளினாற்போல்.
அடுத்தடுத்த சால்களும்
அதன் பேச்சைக் கேட்டு வளைந்தன.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கரைமேல் அணை வாரியத்துப் பையன்
மஞ்சள் மழைச்சட்டையில் நின்று
குச்சி நட்டுக்கொண்டிருந்தான்.
காரணம் அதுவே போதும் என்று நினைத்தேன்.

வசந்தத்தில் கரையை வெட்டினார்கள்.
கடல் பாய்ந்தெல்லாம் வரவில்லை.
நாளுக்கு இருமுறை,
வாடகை கேட்க வருகிறவன் மாதிரி
காலைத் துடைக்காமல் உள்ளே வந்தது,
சுற்றிப் பார்த்தது, போனது.
முதல் வருடம் சேறு.
இரண்டாம் வருடமும் சேறு, கூடவே நண்டு.
சாப்பாட்டு மேசையில் அவன்
சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினான்.

மூன்றாம் செப்டம்பரில் பூத்தது.
சாமந்திக் குடும்பம்தான்,
ஆனால் மாலைக்கு ஆகாத கிளை.
வெளுத்த ஊதா இதழ், நடுவே மஞ்சள்.
சிலவற்றுக்கு இதழே இல்லை,
கிளம்பும் அவசரத்தில் உடுத்த மறந்தவை.
இலையை நாங்கள் ஆட்டுக்குட்டிக் காது என்போம்.
குடித்த உப்பையெல்லாம்
கீழே உள்ள கிழட்டு இலைகளில் சேர்த்துவைத்து
அவை பழுத்ததும் உதிர்த்துவிடும்.
எனக்கும் அந்த வித்தை கொஞ்சம் தெரியும்.

நாத்தனார் பீட்டர்நெல்லாதான் முதலில் பார்த்தாள்,
பறவை பார்க்கிறவர்களுக்குக் கட்டிய
மரக் கோபுரத்தின் மேலிருந்து.
"போய்ப் பார். உன் புருஷன் கையெழுத்து."

ஏறினேன்.
அலை கொண்டுவந்த விதை
சால்மேடுகளில் ஒதுங்கியிருந்தது.
ஊதாவில் வரி வரியாக
அவன் உழுத வயல், சேற்றுக்குள்ளிருந்து.
ஒரு முழம்கூடப் பிசகாமல்.
நடுவில் அந்த வளைவு,
ஊரே பார்க்கும்படி, தேனீக்கள் மொய்க்க.

சொன்னேன். ரேடியோவைத் திருப்பினான்.
ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரைக் காணோம்,
அவனையும் காணோம்.
திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றியபடி,
பூட்ஸிடம் சொல்வதுபோல்:
"முயல்.
ஓடிவிடும் என்று பார்த்தேன். ஓடவில்லை.
காதை மடக்கிக்கொண்டு
அப்படியே உட்கார்ந்திருந்தது."

மஞ்சள் சட்டை இல்லை. கடிதம் இல்லை.
மூன்று வருடமாக நான் துக்கம் என்று
மடித்து வைத்திருந்தது
ஒரு முயல்.
சிரிப்பு வந்தது. அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டேன்.

பூத்தால் இலை கசக்கும்.
மே மாதம்வரை காத்திருந்து
நீர் வடிந்த நேரத்தில் போய்
ஒரு கூடை பறித்தேன்.
வெண்ணெயில் ஒரு புரட்டு, அவ்வளவே.
ருசி பார்க்காமலே உப்பு தூவுகிறவன்
முதல் வாய்க்குப் பிறகு
உப்புக் குப்பியை என் பக்கம் நகர்த்தினான்.
மெதுவாக மென்றான்.

"பீட்ரூட் போட்ட பக்கமா?"

"வளைவுக்குக் கிழக்கே" என்றேன்.