முழங்கை உயரம்

சொசைட்டிக் கடிதம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது.
முதலில் கையெழுத்து இல்லையென்று,
பிறகு தேதி இல்லையென்று.
இந்த முறை
‘உடைத்தல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு
‘சீரமைத்தல்’ என்று போடச் சொல்கிறார் செயலாளர் பரப்கர்.
சுத்தியலுக்குத் தெரியுமா வித்தியாசம்
என்று கேட்க வாயெடுத்து
டெபாசிட் இருபதாயிரத்துக்குக் காசோலை எழுதினேன்.

காலை பத்திலிருந்து ஒன்று. மூன்றிலிருந்து ஆறு.
ஞாயிறு சத்தம் கூடாது.
கணபதி பத்து நாளும் கூடாது.
மணல் மூட்டை லிஃப்டில் ஏறக் கூடாது.
கீழ்வீட்டு ஷிரோத்கர் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு.
அது விதிகளில் இல்லை,
அவரே கதவைத் திறந்து சொன்னார்.

பத்திரத்தில் முந்நூற்று அறுபது சதுரடி.
இசக்கியப்பன் அளந்தால் முந்நூற்று நாற்பத்தொன்று.
நான் அளந்தால் முந்நூற்று முப்பத்தெட்டு.
டேப் நுனியில் கொக்கி ஆடுகிறது என்கிறார்.
திலக் நகருக்கு வந்து இருபத்திரண்டு வருடம்,
தவணை கட்டி முடித்த அடிகளில்
ஏறக்குறைய இருபது
போன இடம் தெரியவில்லை.
சுவருக்குள் இருக்கும் என்றார் மௌர்யா மிஸ்திரி,
காதில் பென்சிலும்
அவற்றை அங்கே நேரில் பார்த்த முகமுமாக.

ஒரே நோட்டில் இரண்டு பேர் எழுத்து.
என்னுடையது:
சிங்குக்கு மேலே விளக்கு.
மழைக்கு வியர்க்காத சுவர்.
கதவு எதிலும் இடிக்காமல் முழுதாகத் திறக்க வேண்டும்.
அவருடையது:
டைல்ஸ் சதுரடி எழுபது, கூலி தனி,
இடிசல் அள்ள டெம்போ இரண்டு நடை,
எதிர்பாராதது பத்து சதவீதம்.

எதிர்பாராததற்கும் ஒரு வரி.
போன மார்ச்சில் கம்பெனி அவரை அனுப்பியபோது
அப்படியொரு வரி எங்களிடம் இல்லை.

அடுப்பு மேடை எவ்வளவு உயரம் வேண்டும்?
இப்போதிருப்பது முப்பது அங்குலம்.
எங்களுக்கு முன்னே இருந்தவர்கள்
யார் அளவுக்கோ கட்டியது.
அதில் குனிந்து குனிந்து
என் இடுப்பு தனக்கென்று ஒரு டாக்டரைத் தேடிக்கொண்டது.

‘கடா கௌன் ரஹேகா?’ என்றார் மௌர்யா.
அந்த மொழியில் நிற்பதற்கும் ஆண்பால் பெண்பால் உண்டு.
அவர் ஆண்பாலில் கேட்டார், பேச்சுவாக்கில்.
அங்குலத்துக்காகக் கேட்ட கேள்விதான்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
ஏழு பதினெட்டு லோக்கலுக்கு ஓடுகிறவள் நான்.
மார்ச்சிலிருந்து குக்கர் விசில் அவர் கணக்கு.
ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தால் மட்டும்
‘அவ அடுப்படில நிக்கா’ என்பார்,
கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்து.

மடக்கிய முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை,
அதுதான் மிஸ்திரியின் சாஸ்திரம்.
வழக்கம்போல நான் எழுந்திருக்கையில்
இசக்கியப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு
சுவரோடு ஒட்டி நின்றார்,
பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்க நிற்பதுபோல,
மூச்சை வேறு பிடித்துக்கொண்டு.

முப்பத்தாறரை.

கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஏறி நிற்க
மிச்ச மரத்தில் ஒரு பலகை செய்து தருகிறாராம்.
அதை எதிர்பாராததில் எழுதினேன்.

நாளை திங்கள். பத்து மணிக்கு முதல் அடி.
அடுப்பு படுக்கையறைக்கு வந்துவிட்டது.
அரிசி டின் கட்டிலுக்கடியில்,
கடுகு டப்பா பீரோவில் என் புடவைகளுக்கு நடுவில்.
பெருங்காயம் எங்கே வைத்தோம் என்று
இருவருக்கும் தெரியவில்லை.
மூடி வைத்தும் வாசனை வருகிறது, எங்கிருந்தோ.

ஷிரோத்கர் அம்மாவுக்கென்று
காதில் வைக்கப் பஞ்சு வாங்கினேன்.
கொடுத்தால் சிரிப்பாரா,
கோபித்துக்கொள்வாரா என்று
இரண்டாம் மாடியில், மணியை அழுத்தாமல்
நின்றுகொண்டிருக்கிறேன்.