ஒன்பது பொத்தான்கள்

பதினேழாம் சுற்றில்
என் பெயரை யாரோ வாசித்தபோது
நான் கெர்னியில், விதைக்கிடங்கில்,
சோள மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா,
மறந்துபோயிற்று.
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
அழுதுகொண்டே எண்ணினேன் என்றால்
தம்பி நம்பமாட்டான்.

கையெழுத்துப் பணம்
அம்மாவின் வேனுக்குக் கியர்பாக்ஸ் ஆனது.
மிச்சத்தில் இரண்டு மட்டை.
மர மட்டை.
கல்லூரியில் நான்கு வருடம் உலோகத்தால் அடித்தவன் நான்.
தப்பிப் பட்டாலும் டிங்கென்று மினுக்கி
பந்தை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் அது.
மரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.
ஃபுளோரிடாவில் முதல் ஆட்டம், மூன்றாம் பந்து:
பிடி என் கையில்,
மீதி மட்டை மூன்றாம் தளத்தருகே.
உள்ளங்கைக்குள் ஒரு தேனீக்கூடு.
"வேலைக்கு வந்துட்டே" என்றான்
எதிரணிக் கேட்சர், முகமூடிக்குள்ளிருந்து.

நானும் முகமூடிக்குள் பிழைப்பவன்தான்.
கல்லூரியில் மாலை ஆட்டங்களுக்கு முன்
ஆன்ஸ்லி என் வலக்கை நகங்களுக்கு
வெள்ளைச் சாயம் பூசுவாள்,
இருட்டிலும் பிட்சருக்கு விரல் தெரியவேண்டுமே.
ஒன்று வேகம். இரண்டு வளைவு.
ஊதி உலர்த்தும்போது சிரிப்பாள்.
ஆனால் அந்த விரல்கள் என்னுடையவை அல்ல.
டக்அவுட்டில் ப்ரோக்மன் காதைத் தொடுவார்,
தொப்பி, முழங்கை, மறுபடி காது;
நான் அதை விரலாக்கி அனுப்புவேன்.
தபால்காரன் கடிதத்தைப் பிரிப்பதில்லை.

மறுவருடம் அயோவா.
ஆற்றங்கரை மைதானம், கொசு,
எலும்பைக் குலுக்கும் ஒன்பது மணிநேரப் பேருந்து.
நொவாட்னி என்ற என் பெயரை
மூன்று ஊர் ஒலிபெருக்கிகள் மூன்று விதமாக உடைத்தன.
மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது.
ஒரு பல் மருத்துவ உதவியாளர் வீட்டு நிலவறையில் தங்கல்;
தலைமாட்டில் மான்கறி நிரம்பிய ஃப்ரீசர்
இரவெல்லாம் முணுமுணுக்கும்.
ஆன்ஸ்லியின் அழைப்புகள் ஞாயிறுக்கு ஒன்றாகி,
பிறகு ஞாயிறும் போனது.

இங்கே நகச்சாயம் வேண்டாம்.
முழங்கால் கவசத்தில் ஒன்பது பொத்தான்.
அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள்
ஒரு குரல் பேசும்,
எலியேசருக்கு அவனுடைய ஸ்பானிஷில்.
முதல் நாள் டக்அவுட்டைத் திரும்பிப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
பயிற்சியாளர் சூரியகாந்தி விதை துப்பிக்கொண்டிருந்தார்.
யாரும் காதைத் தொடவில்லை.

ஆகஸ்ட், எட்டாம் இன்னிங்ஸ்,
ஓர் ஓட்டம் முன்னிலை, இரண்டு பேர் தளத்தில்.
எலியேசரின் வேகப்பந்து அன்று தீப்போல் வந்தது.
நான் ஸ்லைடரை அழுத்தினேன்.
ஏன் என்று கேட்டால் இன்றும் சொல்வேன்:
அடிப்பவனின் முன்கால் சீக்கிரமாய்த் திறந்தது.
நான் பார்த்தேன்.
சரியாகத்தான் பார்த்தேன்.

பந்து வளையவில்லை.
மரத்தில் அந்தச் சத்தம்,
உலோகம் ஒருநாளும் தராத சுத்தமான சத்தம்.
நான் எழுந்து முகமூடியைக் கழற்றவும் இல்லை.
ஆற்றுப் பக்கம் போயிற்று,
விளக்கைத் தாண்டி.

எலியேசர் ஆற்றைப் பார்க்கவில்லை,
டக்அவுட்டைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.
நடந்து போனேன். ட்ராங்கிலோ என்றேன்,
எனக்குத் தெரிந்த ஏழு வார்த்தைகளில் ஒன்று.
"மறுபடி அதையே கேள்" என்றான்,
உடைந்த ஆங்கிலத்தில், கையுறையால் வாயை மறைத்து.

திரும்பி வந்து குந்தினேன்.
கடிகாரத்தில் பதினொன்று, பத்து.
அடுத்தவன் மட்டையால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.
ஒன்பது.
நகத்தில் சாயமில்லாத விரல்
பொத்தானின்மேல்.