இரண்டாவது குண்டு

ஸ்பிரிங்கை மட்டும்தான் பிடித்தேன்.
கியரை அதன் இடத்தில் நிறுத்தும் குண்டு
விரலிடுக்கில் நழுவிப் போய்விட்டது.

உள்ளே டிக் என்று ஒருமுறை.
கொஞ்சம் யோசித்து இன்னொரு முறை.
அப்புறம் ஆயில் விழுங்கிய மௌனம்.

இலந்தைக் கொட்டை அளவுகூட இருக்காது.

"இன்னா சத்தம்?" என்றாள் பூங்காவனம்,
டிரெய்லர் மேல் உட்கார்ந்து
விதைக்கு மல்லாட்டை உரித்தபடி.
"ஒண்ணுமில்லக்கா."
பொய் சொன்னால் என் கை தானாகவே
கரித்துணியைத் தேடும். துடைத்துக்கொண்டேன்.

ஒடுகத்தூரில் ராத்திரி நல்ல மழை.
மலையடி நிலத்தில் ஈரம் இரண்டு நாள் நிற்கும்,
மூன்றாம் நாள் வெயில் வந்து கணக்குக் கேட்கும்.
உழவுக்கு நாலு பேர் சொல்லி வைத்திருந்தார்கள்.
அதில் ஒருவர் மகனைச் சைக்கிளில் அனுப்பி
ஆச்சா என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார்.
ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள்
குண்டை எப்படித் தேடுவதென்று சொல்லவில்லை.

அப்படியே விட்டுவிடலாம்தான்.
புதுக் குண்டு டப்பாவில் இருக்கிறது. அஞ்சு ரூபாய்.
வண்டி ஓடும், ஓடும்,
ஒருநாள் பாதி உழவில்
இரண்டு பல்லுக்கு நடுவே போய் அது உட்காரும்.
அன்றைக்கு நான் அங்கே இருக்க மாட்டேன்.
அதுதான் அதில் உள்ள வசதி.

பையன் சைக்கிளைத் திருப்பும் வரை பொறுத்து,
"அக்கா, குண்டு உள்ள விழுந்திடிச்சி" என்றேன்.

அவள் திட்டவில்லை.
உரித்த பருப்பில் ஒன்றை வாயில் போட்டாள்.
"கெணத்துல கொடம் வுழுந்தா பாதாளக் கரண்டி.
இதுக்கு இன்னா வுடுவ?"

அடி போல்ட்டைத் திறந்ததும்
தொண்ணூறாம் நம்பர் ஆயில்
வெல்லப்பாகு மாதிரி அவசரமே இல்லாமல் இறங்கியது.
அவள் பழைய சேலையில் வடிகட்டினோம்.
கொஞ்சம் இரும்புத்தூள், ஒரு செத்த பூச்சி.

இம்தியாஸ் ரேடியோ கடையில் ஒரு பொடிக் காந்தம் வாங்கி
சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியில் கட்டினேன்.
உள்ளே எல்லாமே இரும்பு.
கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த சித்தப்பா மாதிரி
காந்தம் கண்ட பல்லையெல்லாம் கட்டிப்பிடித்தது.
பிய்த்து எடுத்து
டியூப் துண்டில் ஒரு பாவாடை கட்டி
மூக்கு மட்டும் தெரிய மறுபடி இறக்கினேன்.

பூங்காவனம் மேலே ஏறி போனில் வெளிச்சம் அடித்தாள்.
"இடது பக்கம் வா. உன் இடது இல்ல, என் இடது."

நாலாவது முறை கம்பி கனத்தது.
கம்பியா, என் ஆசையா?
மூச்சை அடக்கி இழுத்தேன்.
குண்டு.
டீசலில் கழுவிப் பார்த்தால்
என்னுடையது இல்லை.

நிறம் செத்து,
ஒருமுறை பல்லில் கடிபட்ட தழும்போடு
வருஷக்கணக்காய் அடியில் கிடந்தது அது.

திரும்ப விட்டேன். என்னுடையது வந்தது,
பளபளவென்று, ஒன்றுமே நடக்காததுபோல.

"கெடச்சிதா?"
"ரெண்டு கெடச்சிது."
"இன்னா, உள்ள குட்டி போட்டுச்சா?"
சிரித்தாள். சிரிப்பின் பாதியில் நிறுத்தி
விரல் மடக்கி எண்ணினாள்.
"உனக்கு முன்ன கஜபதிதான் பார்த்தான். ஏழு வருசம்."

கஜபதி. பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடை.
கை சுத்தம் என்று ஊரே சொல்லும்.
வண்டியை என்னிடம் விட்டுவிட்டு
என்னிடமே சொல்வார்கள்.

சாயங்காலம் டீக்கடைப் பலகையில்
அவன் பக்கத்தில்தான் இடம் இருந்தது.
என் சட்டைப்பையில் குண்டு.
எடுத்து அவன் கிளாஸ் ஓரம் வைத்தால் போதும்,
பேசக்கூட வேண்டாம்.
கை பைவரைக்கும் போனது.
அவன் நகக்கண்ணைப் பார்த்தேன். என்னுடையது மாதிரியே கருப்பு.

"மழ பரவால்ல" என்றான்.
"ம்."

ஏரிக்கரைப் பக்கம் பூங்காவனத்தின் வண்டி
இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறியது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
காதைத் திருப்பினோம்.