கழுத்தளவு

ஹாப்சாலுவில் இந்தக் குளத்துக்குக் கண்ணாடிக் கூரை.
மேலே பனி விழுந்து விழுந்து சறுக்குகிறது.
கீழே முப்பத்திரண்டு டிகிரி.
செவ்வாயும் வெள்ளியும் பத்தரைக்கு
ஐந்து பேர் இறங்குகிறோம்
கம்பியைப் பிடித்துக்கொண்டு
படிக்கு ஒரு மூச்சாக.

நான் தபால்காரி.
பதினேழு வருடம்,
கார்யா தெருவிலிருந்து கடல் முடியும்வரை:
லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி,
நாய் உள்ள வீடு,
நாய் செத்த பிறகும் நான் தயங்கி நிற்கும் வீடு.
காய்ச்சல் ஒன்பதே நாளில் போனது.
போனது காய்ச்சல் மட்டும்.

பதினான்கு மாதம்.
வாசலின் ஐந்து படிக்கு
இரண்டு முறை உட்காருகிறேன்.
எண்கள் கலைந்துவிட்டன;
இருபத்தாறாம் எண் வீட்டில் யார் என்று கேட்டால்
ஒரு கதவு நினைவில் வருகிறது,
கதவின் நிறம் வருகிறது,
பெயர் வருவதில்லை.
ரத்தம் நன்றாயிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.
நன்றாயிருந்தது காகிதம்.

உர்மாஸ் குளக்கரையில் குந்தியபடி சொன்னான்:
இடுப்பளவு நின்றால் உடம்பு பாதி எடை,
கழுத்தளவு நின்றால் பத்தில் ஒன்று.
கணக்குப் போட்டேன். ஏழு கிலோ.
என் தபால் பையே பதினொன்று.
சிரித்தேன்;
சிரித்ததற்கும் மூச்சு வாங்கியது.

தலைக்கு மேல் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
கழுத்தளவில் நிற்பவளைக் கேளுங்கள்.
ஒரு சாண் ஆழம் குறைந்தால்
முழங்கால் நடுங்குகிறது,
ஒரு முழம் கூடினால்
நெஞ்சின்மேல் தண்ணீர் உட்காருகிறது.

பக்கத்தில் வெல்மார், படகு மெக்கானிக்,
கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் மிதப்பான்.
அழுதால் தெரியாதாம். தெரியும்.
ஐரிக்கு இருபத்திரண்டு வயது, கைப்பந்து ஆடியவள்;
மல்லாந்து மிதக்கச் சொன்னால்
பிணம் மாதிரி எதற்கு என்று சீறுவாள்,
பிறகு
எல்லோருக்கும் முன்னால் தூங்கிப்போவாள்.

உர்மாஸின் சட்டம் ஒன்றே ஒன்று:
களைப்பதற்கு முன் நிறுத்து.
முன் என்பது எங்கே இருக்கிறது
என்று கேட்டேன்.
அதைத்தான் தேடுகிறோம் என்றான்.

பிப்ரவரியில் ஒரு நாள் வெயில்.
கண்ணாடி வழியே வந்து தரை ஓடுகளில் ஆடியது.
உடம்பு என் உடம்பாக இருந்தது அன்று.
உர்மாஸ் போனில் பேசப் போன நேரம்
எட்டுச் சுற்று நீந்தினேன்.
எட்டு!
வீட்டுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்,
உட்கார இடமிருந்தும்.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை.
அதற்கு மறுநாள்
பல் தேய்க்கும் பிரஷ் கனத்தது.
திரைச்சீலையின் ஓரத்து வெளிச்சம்
ஆணிபோல் இறங்கியது.
பதினோரு நாள் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.
கடன்காரன்கூட
வட்டியை இப்படி மொத்தமாகக் கேட்பதில்லை.

திரும்பி வந்தபோது உர்மாஸ் திட்டவில்லை.
சமையலறை மணிக்கடிகாரம் ஒன்றைக்
குளத்தின் விளிம்பில் வைத்தான்,
தக்காளி வடிவம்.
நாலு நிமிடம் என்றான். நீந்த இல்லை. நிற்க.

நின்றேன்.
கையைத் தண்ணீருக்கடியில் மெல்லத் திறந்தேன்,
மெல்ல மூடினேன்.
நானே தூக்கவில்லை கையை;
அது மேலே வந்தது,
யாரோ வாங்கிக்கொள்வதுபோல்.

இன்று ஆறு நிமிடம்.
தக்காளி அடித்தபோது
இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது என்னிடம்.
இருக்கட்டும் என்று ஏறினேன்.
ஏறும்போதுதான் தெரிகிறது எடை:
முதல் படியில் தோள் திரும்பி வருகிறது,
இரண்டாவதில் இடுப்பு,
கடைசியில் எழுபத்தொரு கிலோவும்
சொட்டச் சொட்ட.
துண்டைப் போர்த்தி இருபது நிமிடம் படுத்தேன்.

வீட்டில், என் பெட்டியில்
தவறிவந்த கடிதமொன்று மூன்று வாரமாய்.
இரண்டாம் மாடி ராய்வோவுக்கு.
புதுப் பையன் எண்ணைப் பார்க்காமல் போட்டிருக்கிறான்;
என் காலத்தில் நடக்காது.
மின்கட்டண ரசீதுதான், அவசரமில்லை,
அவனுக்கு.

முதல் மாடிவரை கொண்டுபோனேன்.
ஜன்னல் திட்டில், ஜெரேனியம் தொட்டிக்குச் சாய்த்து,
முகவரி தெரிய வைத்தேன்.
இன்னொரு மாடி
வெள்ளிக்கிழமைக்கு.