காற்றுக்கு இரண்டு கிழங்கு

நவம்பரில் புந்தா அரேனாஸில்
எங்களுக்கு முன்னால் காற்று எழுந்துவிடுகிறது.
தகரக் கூரையைத் தட்டித் தட்டி
நான்கு பேரையும் எழுப்பிவிட்டு
கடலுக்குப் போகிறது, ஒன்றும் தெரியாததுபோல.

பால் பொங்குகிறது.
டானிட்சா தன் சடையைத் தானே பின்னி
பாதியில் அழுகிறாள், கோணலாம்.
எவரிஸ்தோ ஒற்றைக் காலுறையோடு நிற்கிறான்.
"இன்னொண்ணு எங்கடா?"
"அது வரலைன்னு சொல்லிடுச்சு."
சீரோவுக்கு ஒரே வேலை,
கரண்டியைக் கீழே போடுவது,
நான் குனிவதைப் பார்ப்பது.
இருபதாவது முறையும் அவனுக்கு அது புதுச்செய்தி.

நெவென்கா மட்டும் கதவோரம்
கோட்டுப் பைகளை விரித்துப் பிடித்தபடி காத்திருக்கிறாள்.
நான்கு வயது, பதினான்கு கிலோ.
"இந்தக் காத்துல நீ பறந்துபோய்
அக்கரையில விழுந்துடுவே,
பையில கிழங்கு போட்டுக்கோ"
என்று விளையாட்டாகச் சொன்னார் ஆர்னால்டோ.
சொன்னவர் பொர்வெனீர் படகில் வடம் இழுக்கப் போய்
ஒன்பது நாளாகிறது.
சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

தினம் இரண்டு கிழங்கு.
வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.
எடை ஒத்திருக்க வேண்டும்,
அதையும் அவளே இரு கையிலும் ஏந்திப் பார்த்து
"இது குண்டு, மாத்து" என்பாள்.
மணி எட்டாகப் பத்து நிமிடம் இருக்கும்.

தெருமுனையில் நகராட்சி கட்டிய கயிறு.
டானிட்சா கயிற்றைப் பிடிக்க
எவரிஸ்தோ டானிட்சாவைப் பிடிக்க
நெவென்கா என் விரலைப் பிடிக்க
சீரோ என் மார்போடு.
எதிரே வந்த கிழவரின் தொப்பி
எங்களைத் தாண்டிப் போயிற்று.
"அதுக்குக் கிழங்கு போடலை"
என்றாள் நெவென்கா, நிதானமாக.

இரவு என்று பேர்தான்.
பத்து மணிக்கும் வானம் அணைவதில்லை.
சன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டேன்.
"சூரியன் தூங்கலையே, நாங்க மட்டும் ஏன்?"
எவரிஸ்தோவிடம் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்
யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.
ஒருத்திக்குத் தண்ணீர்.
ஒருவனுக்கு மூத்திரம்.
ஒருத்திக்குக் கட்டிலடியில் ஏதோ ஒன்று.
சின்னவனுக்கு நான்.
கத்தினேன். கதவை அறைந்தேன்.
நல்ல பெண்கள் கத்தமாட்டார்களாமே,
என் குரல் கூரைத் தகரத்தோடு சேர்ந்து அடித்தது.

பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து
தங்கையிடம் போனில் சொன்னேன்:
"எங்கயாவது பறந்து போயிடலாம் போல இருக்குடி."
அவள் சிரித்தாள். நானும்.
கம்பளிக்கு அந்தப் பக்கம்
எல்லாரும் தூங்கிவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாளும் அதே பால், அதே கரண்டி, அதே சடை.
நெவென்கா அன்று பையை விரிக்கவில்லை.
"எனக்கு வேண்டாம், நான் இப்ப கனம்."
எனக்கும் நேரமில்லை, கேட்கவில்லை.

பள்ளியில் விட்டுத் திரும்பும்போது
தோள் இழுத்தது.
தூக்கமில்லாத பாரம் என்றே நினைத்தேன்.
பேருந்துச் சில்லறைக்குக் கையை விட்டால்
கிழங்கு.
மறுபையில் கிழங்கு.
உள்பையில், எப்படி நுழைத்தாளோ, இன்னும் ஒன்று.
மண்கூடக் கழுவாமல்.
நான்காவதன்மேல் ஒரு காலுறை போர்த்தியிருந்தது,
எவரிஸ்தோவுடையது,
வரமாட்டேன் என்று சொன்னது.

கயிறு முடியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
காற்று கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தது.
சீரோ என் தாடையைக் கடித்தான்,
அவனுக்குப் பல் வருகிறது.

வீட்டில் சூப்புக்கு ஒரு கிழங்குகூட மிச்சமில்லை.
இவற்றை வெளியே எடுக்க மனம் வரவில்லை.
கடைக்குத் திரும்பினேன்,
இரண்டு கிலோ கிழங்கு வாங்க,
பைநிறையக் கிழங்கோடு.