எட்டுக் கிலோ நானூறு

நெல்லிக்குப்பம் சாலையில் காயலான் கடை.
மழைக்கு முந்தைய வெக்கை.
பம்புசெட் சுருளுக்கும் ஓட்டைத் தவலைக்கும் நடுவில்
சுருட்டிப் போட்டிருந்த செப்புப் பட்டையை
எடை போடச் சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன்.
இரண்டாவது துளை கோணல்.
ட்ரில் பிட் உடைந்துபோன அன்று
ஆணியால் குத்திப் பெரிதாக்கிய துளை.
என் கை.

எட்டுக் கிலோ நானூறு என்றார் சிகாமணி.
தாழங்குடா புயல் பாதுகாப்பு மையம்,
மொட்டைமாடியிலிருந்து மண்வரைக்கும்
பன்னிரண்டரை மீட்டர்.
(பில்லில் பதினாறு. அது காண்ட்ராக்டர் பாடு.)
யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
கிலோ அறுநூற்றெழுபது என்று
என் வேலையை நானே வாங்கி
வண்டியில் கட்டினேன்.

கெடிலம் பாலத்தில்தான் உறைத்தது.
மேலே ஐந்து விரல் விரித்து
கம்பி மட்டும் இன்னும் நிற்கிறது,
விருந்துக்கு அழைத்துவிட்டுக்
கதவைப் பூட்டியவனைப் போல.
இடிதாங்கி என்று பேர் வைத்தவன்
மாடி ஏறிப் பார்த்திருக்க மாட்டான்.
அது எதையும் தாங்குவதில்லை.
வாங்கி வாங்கி
மண்ணிடம் தள்ளிவிடும்.
தள்ள வழியில்லாதபோது
சுவரில் இறங்கும், ஜன்னல் கம்பியில் இறங்கும்,
ஈரத்தில் படுத்திருப்பவர் முதுகில்.

மையத்தின் கீழ்த்தளத்தில் அங்கன்வாடி.
ஆயா அஞ்சலாட்சி
பட்டை போன கிளாம்புகளில் கயிறு கட்டி
துண்டு உலர்த்தியிருந்தாள்.
"அந்தப் பித்தளையா? தை மாசமே காணும்."
யாரிடமும் சொல்லவில்லையா?
"கரண்டு இல்லாத கம்பி, போனா போவுதுன்னாங்க."
இல்லைதான்.
வருஷத்தில் ஒரு கணம் தவிர.

செம்பை மறுபடி ஏற்றவில்லை.
நாகம் பூசிய இரும்புப் பட்டை வாங்கினேன்,
திருடுகிறவன் குனியக்கூட மாட்டாத சரக்கு.
பத்தடி தோண்டினால் எல்லாம் மணல்.
மீட்டர் முள் பத்தொன்பது ஓம் என்றது.
அடுக்கு அடுக்காகக் கரி, உப்பு,
கடலைப் பார்த்துக்கொண்டே
கடையில் காசு கொடுத்து வாங்கிய உப்பு.
அஞ்சலாட்சி தண்ணீர் ஊற்ற ஊற்ற எண்ணினாள்.
பதினோரு குடம். பதினான்கு.
எட்டு.
இருட்டும்போது நாலு புள்ளி ஆறு.
பாஸா ஃபெயிலா என்றாள்.
பாஸ் என்றேன்.
பிள்ளைகள் கை தட்டினார்கள், ஏனென்று தெரியாமல்.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள்
விடியாத நேரத்தில் போன் அடித்தது.
"அர்ச்சுனான்னு வாயெடுக்கறதுக்குள்ள
விழுந்துட்டுதுங்க, நம்ம மாடி மேலேயே!"
உள்ளே எத்தனை பேர்?
"முப்பத்தியோரு பேரு, ரெண்டு கன்னுக்குட்டி."
யாருக்காவது?
"ஒண்ணுமில்ல. காதுதான் அடைச்சிருக்கு."
நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.
அவள் குரல் மாறியது.
"ஆனா டி.வி. போச்சு. புகையா வந்துது.
நீங்க வந்து கம்பி போட்டதாலதான்
இடி நம்ம வீட்டைத் தேடி வந்துதுன்னு
கீழ்த்தெருவுல பேசிக்கறாங்க."

கேபிள் ஒயர் வழியாக வந்திருக்கும் அம்மா,
அது தனிப் பாதை, அதற்குத் தனியாக...
"அதெல்லாம் எனக்குத் தெரியாது.
புள்ளைங்க காலையில
பாட்டு கேட்டா நான் என்ன சொல்றது?"

கட்டிலுக்கடியில் சாக்கு கிடந்தது.
இழுத்து, பிரித்து,
கேபிள் நுழைகிற இடத்துக்கு என்று
ஒரு முழம் செம்பு வெட்டினேன்,
கோணல் துளை இருக்கும் பக்கமாக.
உள்சுவரில், அலமாரிக்குப் பின்னால்
யார் பார்க்கப்போகிறார்கள்.